கரு தங்க எந்த எண்ணெய்? மளிகைக் கடை அலமாரி ஒரு விமர்சனம்

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், வீட்டுக்குள் எண்ணெய் ஆலோசனை ஆரம்பித்துவிடும். மாமியார் நல்லெண்ணெய் என்பார். யூடியூப் தேங்காய் எண்ணெய் என்று சத்தியம் செய்யும். மருந்துக்கடைக்காரர் கேட்காமலே மீன் எண்ணெய் மாத்திரையை எடுத்து வைப்பார். இன்ஸ்டாகிராமில் ஆளி விதை லட்டு சொன்ன விலைக்கு விற்றுக்கொண்டிருக்கும். இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை அலமாரியிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கரு தங்க வைக்கும் எண்ணெய் என்று எந்தக் கடையிலும் எதுவும் கிடையாது. கெடுக்கக்கூடிய கொழுப்பு ஒன்று நிச்சயமாக உண்டு, அது பெரும்பாலும் நம் வீட்டு அடுப்பங்கரையில் இல்லை. உதவக்கூடியது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிவது மீன் கொழுப்பு. மற்றதெல்லாம் அளவு சம்பந்தப்பட்ட விஷயம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: சாப்பாட்டுக் கொழுப்பால் முக்கியமாகத் தொட முடிவது மாதாமாதம் முட்டை வெளிவருகிற வேலையை. கருக்குழாய் அடைத்திருந்தாலோ, கணவனின் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருந்தாலோ, மனைவியின் தட்டில் எண்ணெயை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் தள்ள வேண்டியது: வனஸ்பதியும் பேக்கரிக் கொழுப்பும்

ஊரில் டால்டா என்றே பேர் வாங்கிவிட்ட சரக்கு. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும்போது பாதி வழியில் நிறுத்தினால் டிரான்ஸ் கொழுப்பு உருவாகும். அமெரிக்காவில் 18,555 பெண் செவிலியர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. சாப்பிடும் மொத்தச் சக்தியில் 2 சதவீதம் மாவுச்சத்துக்குப் பதிலாக டிரான்ஸ் கொழுப்பில் இருந்து வந்தால், முட்டை வெளிவராமல் குழந்தை தள்ளிப்போகும் அபாயம் 73 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு. மருந்து கொடுத்துச் சோதித்தது அல்ல. அதனால் அந்த 73-ஐ அப்படியே நம் தலையில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் திசை தெளிவு. 2018-ல் வந்த இன்னோர் ஆய்வில் வட அமெரிக்கப் பெண்களிடம் டிரான்ஸ் கொழுப்பு அதிகமானவர்களுக்குக் கரு தங்கும் வாய்ப்பு குறைந்திருந்தது. டென்மார்க் பெண்களிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. டென்மார்க் 2003-லேயே இந்தக் கொழுப்புக்கு 2 சதவீத உச்சவரம்பு போட்டுவிட்ட நாடு.

காரணம் இன்சுலினாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். டிரான்ஸ் கொழுப்பு சேரச் சேர உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்லாது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்கிறது. முட்டைப்பை பாதி வளர்ந்து நின்றுவிடுகிறது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறவர்களிடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதும் இதேதான். அதனால் அவர்களுக்கு இந்தச் சரக்கு இரட்டைக் கேடு.

இப்போது கடை நிலவரம். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் அளவுக்கு 2021 ஜனவரியில் 3 சதவீதம், 2022 ஜனவரியில் 2 சதவீதம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பைக் குறைத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1800 கலோரி சாப்பிடும் பெண்ணுக்கு 2 சதவீதம் என்றால் 36 கலோரி, அதாவது 4 கிராம் டிரான்ஸ். சட்டப்படி செய்த கொழுப்பில் இருந்து 4 கிராம் வர வேண்டுமானால் 200 கிராம் கொழுப்பைத் தின்ன வேண்டும். நடக்காத காரியம். ஆக, விதிப்படி செய்து பொட்டலமிட்டு, பின்பக்கம் டிரான்ஸ் கொழுப்பின் அளவை அச்சிட்ட பிஸ்கட்டைப் பார்த்து இந்த விஷயத்தில் இன்று பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. (சர்க்கரைக்காகப் பயப்படலாம், அது வேறு கதை.)

பயம் லேபிளே இல்லாத இடத்தில்தான். தெருமுனை பேக்கரியின் பஃப்ஸ், கண்ணாடி ஜாடி பட்டர் பிஸ்கட், கிரீம் பன், பரோட்டா மாவில் விடும் கொழுப்பு. அது எந்த டின்னில் இருந்து வந்தது என்று உங்களால் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு சின்ன அறிகுறி உண்டு. பட்டர் பிஸ்கட்டைக் கடித்து வாயிலேயே கரையவிட்டுப் பாருங்கள். நிஜ வெண்ணெய் என்றால் உடம்புச் சூட்டிலேயே உருகிப் போய்விடும். மேலண்ணத்தில் மெழுகு பூசினது போலப் படலம் நின்றால், உருகுநிலை கூடிய வனஸ்பதி வகை என்று வைத்துக்கொள்ளலாம். வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 டிகிரி வரை இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. இந்தச் சோதனை டிரான்ஸ் அளவைச் சொல்லாது. பாமாயிலின் கெட்டிப் பகுதியில் செய்த புது வகைக் கொழுப்பும் இப்படித்தான் ஒட்டும், அதில் டிரான்ஸ் கிட்டத்தட்ட இருக்காது, நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) நிறைய இருக்கும். இரண்டும் அன்றாடம் தின்னும் சரக்கு இல்லை.

பஜ்ஜிக் கடை எண்ணெயைப் பற்றி ஒரு திருத்தம். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் டிரான்ஸ் கொழுப்பாக மாறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வறுக்கிற சூட்டில் உருவாகும் டிரான்ஸ் குறைவுதான். நிஜப் பிரச்சினை எண்ணெய் உடைந்து உண்டாகும் வேறு கழிவுகள். இவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 ஜூலையில் இருந்து விதி. கடையில் மீட்டர் வைத்துப் பார்க்க முடியாது, கண்ணால் பார்க்கலாம். பலகாரம் போட்டதும் சோப்பு நுரை போலப் பொங்கி அடங்காமல் நின்றாலும், அடுப்பு சிம்மில் இருக்கும்போதே புகைந்தாலும், நிறம் டீ டிகாஷனைத் தாண்டிப் போயிருந்தாலும் அடுத்த கடையைப் பாருங்கள்.

சமையல் எண்ணெய்கள்

கடலை எண்ணெய்: தினசரிச் சமையலுக்கு முதல் மார்க் இதற்குத்தான். கிட்டத்தட்ட பாதி ஒற்றை நிறைவுறா கொழுப்பு (ஆலிவ் எண்ணெயில் நிறைய இருக்கும் வகை), மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஒமேகா-6 (பல நிறைவுறா கொழுப்பில் ஒரு வகை), மீதி நிறைகொழுப்பு. அதே 2007 ஆய்வில், டிரான்ஸ் கொழுப்பு வந்து ஒற்றை நிறைவுறா கொழுப்பின் இடத்தைப் பிடித்தபோது அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்லும் டயட் சார்ட்டை அப்படியே கும்மிடிப்பூண்டிக்கு இறக்குமதி செய்யத் தேவையில்லை. நம் ஊருக்கு அந்த இடத்தில் கடலை எண்ணெய் இருக்கிறது. தாளிக்க, வதக்க, பொரிக்க எல்லாவற்றுக்கும் தாங்கும்.

செக்கு எண்ணெய் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் ஒரு கணக்கு கேளுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். எள்ளுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அன்றைய சந்தையில் இரண்டரை கிலோ பருப்பின் விலையில் புண்ணாக்கு விற்ற காசைக் கழித்துப் பாருங்கள். அதற்கும் கீழே லிட்டர் விற்கிறார்கள் என்றால் உள்ளே பாமாயில் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். செக்கு எண்ணெயில் ஒரு குறையும் உண்டு: பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அதன் நஞ்சில் ஒரு பங்கு எண்ணெயிலும் வரும். ரீஃபைண்ட் செய்யும்போது அது நீங்கிவிடும், செக்கில் நீங்காது. பருப்பைக் கண்ணால் பார்த்து ஆட்டித் தரும் கடையாக இருந்தால் செக்கு. இல்லையென்றால் நல்ல பாக்கெட் எண்ணெயே மேல்.

நல்லெண்ணெய்க்கு இரண்டாமிடம். ஒற்றை நிறைவுறா கொழுப்பும் ஒமேகா-6-ம் ஏறக்குறைய சரிபாதி, நிறைகொழுப்பு 15 சதவீதம் வாக்கில். எள்ளில் இயற்கையாக உள்ள சில பொருள்கள் எண்ணெயைக் காறாமல் காக்கும். அதனால்தான் ஊறுகாய்க்கு இது. ஆட்டும்போது கருப்பட்டி போடுவது எள்மாவு திரண்டு எண்ணெய் பிரியத்தான், சர்க்கரை எண்ணெயில் கரையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம்.

வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியில் குழி விழப் பண்ணி நல்லெண்ணெய் ஊற்றித் தருவது கர்ப்பப்பைக்குப் பலம் என்று வழக்கம். உளுந்தும் கருப்பட்டியும் நல்ல சாப்பாடுதான். எண்ணெயை மட்டும் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. நாலு கரண்டி ஊற்றினால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். ஒல்லியான பிள்ளைக்கு அது வேண்டியதாக இருக்கலாம். எடை கூடி, மாதவிடாய் தள்ளிப்போகும் பிசிஓஎஸ் பெண்ணுக்கு அதே களியைத் தினமும் தந்தால் எதிர்வேலைதான். கூடவே தரும் பச்சை முட்டையை அவித்துக் கொடுத்துவிடுங்கள். சால்மோனெல்லா கிருமிக்குச் சடங்கு தெரியாது.

சூரியகாந்தி எண்ணெய் மேல் இணையத்தில் பொழியும் வசவு கொஞ்சம் அதிகம். பாதிக்கு மேல் ஒமேகா-6, ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். ஒமேகா-6-ல் இருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின்தான் மாதவிடாயில் கருப்பையைச் சுருக்கி வலியைக் கூட்டுகிறது என்பது உண்மை. அதற்காக அதை விஷம் என்பதும் தப்பு. அது உடம்புக்கு அவசியமான கொழுப்பு. குறை எங்கே என்றால், இதை மட்டுமே ஊற்றி, மீனும் தொடாத வீட்டில் ஒமேகா-3 சுத்தமாகக் காணாமல் போகிறது. தவிட்டு எண்ணெய் நடுவாந்தரம், வாங்கலாம்.

ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் ஏ, டி வைட்டமின் சேர்த்திருக்கிறார்கள், அது நிஜமான லாபம். நிறைகொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் என்பதால் அதையே முழுச் சமையலுக்கும் ஊற்றாமல், மாதத்துக்கு அந்த ஒரு லிட்டரைப் பொரியலுக்கு வைத்துக்கொண்டு மற்றதற்குக் கடலை எண்ணெய் வாங்கினால் சரியாக வரும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. கன்னியாகுமரி அவியலுக்குக் கடைசியில் ஒரு கரண்டி ஊற்றுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் பிசிஓஎஸ் போகும் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

அளவு

ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை, நெய்யும் சேர்த்து. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 20, கர்ப்பத்தில் 30. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு லிட்டர் கடலை எண்ணெய், அரை லிட்டர் நல்லெண்ணெய், நூறு கிராம் நெய் வாங்கினால் ஆளுக்கு 24 கிராம் வாக்கில் வரும். வாங்கும்போது மில்லியை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் வாக்கில் இருக்க வேண்டும். லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும் 850, 800 கிராம் பாக்கெட்டுகள் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும்.

கீழ்ப்பக்க எல்லையும் முக்கியம், இதை யாரும் சொல்வதில்லை. எடை குறைக்க வேண்டும் என்று எண்ணெயே இல்லாமல் இட்லியும் பழமுமாகச் சாப்பிட்டு, கூடவே மணிக்கணக்கில் உடற்பயிற்சியும் செய்யும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றே போகலாம். உடற்பயிற்சிக்குச் செலவானது போக, உடம்பின் கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு நாளுக்கு 30 கலோரிக்கும் கீழே சக்தி மிஞ்சினால் மூளையில் இருந்து எல்ஹெச் ஹார்மோன் துடிப்பு குறைந்துவிடும். முட்டை வெளிவர உத்தரவு போகாது. அப்படிப்பட்டவருக்கு மருந்தே வேளாவேளைக்குச் சாப்பாடும் இரண்டு ஸ்பூன் நெய்யும்தான்.

பாலில் ஒரு வேடிக்கை. அதே செவிலியர் ஆய்வில், தினமும் ஒரு முறையாவது கொழுப்புள்ள பால் பொருள் சாப்பிட்டவர்களுக்கு முட்டை வெளிவராத பிரச்சினை 27 சதவீதம் குறைவு. கொழுப்பு குறைத்ததை நாளுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு அதிகம். ஒரே ஆய்வை வைத்து ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டுக்கு ஓட வேண்டாம். நீலத்தில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு. எடை கூடியவர் நீலத்தில் நிற்கலாம். மற்றவர் பச்சையை மாற்ற வேண்டியதில்லை. கொழுப்பே இல்லாத பால்பவுடர் டயட்டைத்தான் தவிர்க்க வேண்டும்.

நிஜமாகவே காசுக்குப் பெறுமானது: மத்தி

இந்த விமர்சனத்தில் வெற்றி பெறும் சரக்கு மளிகைக் கடையிலேயே இல்லை, மீன் மார்க்கெட்டில் இருக்கிறது. மத்தி (தெற்கே சாளை), கானாங்கெளுத்தி (தெற்கே அயிலை), அப்புறம் நெத்திலி. நூறு கிராம் மத்தியில் ஒமேகா-3 ஒரு கிராமை ஒட்டியோ மேலேயோ கிடைக்கும். தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு வரும் மத்தியில் கொழுப்பு கூடுதல். குழம்பின் மேலே எண்ணெய் மிதப்பதைப் பார்த்தே தெரியும். ஒமேகா-3-ல் இருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் கருப்பையை அவ்வளவு கடுமையாகச் சுருக்காது. 2010-ல் வந்த ஓர் ஆய்வில், மீன் வகை ஒமேகா-3 அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) 22 சதவீதம் குறைவு, டிரான்ஸ் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 48 சதவீதம் அதிகம். கரு தங்கிய பிறகு குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஹெச்ஏ (ஒமேகா-3-ல் ஒரு வகை) நாளுக்கு 200 மில்லிகிராமும் இதிலேயே கிடைத்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 100 முதல் 150 கிராம். குழம்பாகவோ அவியலாகவோ வையுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பு கொஞ்சம் வெளியே போய், பொரித்த எண்ணெய் உள்ளே ஏறும். சூரியகாந்தி எண்ணெயில் பொரித்தால் வாங்கின லாபமே குறைந்துபோகும். வாங்கும்போது வயிற்றை அமுக்கிப் பாருங்கள், மத்தி கெடத் தொடங்கினால் முதலில் வெடிப்பது வயிறுதான். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்த அயிலையில் ஹிஸ்டமின் சேரும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிப்பு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் அப்போது விலை ஏறும், சில இடங்களில் பழைய ஐஸ் மீனும் வரும். சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதும் கர்ப்பத்திலும் வேண்டாம். சுறாப்புட்டு பால் சுரக்க வைக்கும் என்ற நம்பிக்கை பலமானது, ஆனால் பாலூட்டும்போதும் சின்ன மீனே நல்லது.

மருந்துக்கடை, இன்ஸ்டாகிராம் சரக்குகள்

மீன் எண்ணெய் மாத்திரையின் முன்பக்கம் 1000 என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. பின்பக்கம் பாருங்கள், சாதாரண வகையில் இபிஏ (இன்னொரு ஒமேகா-3 வகை) 180, டிஹெச்ஏ 120 மில்லிகிராம்தான். 200 டிஹெச்ஏ வேண்டுமானால் இரண்டு மாத்திரை. மாத்திரையைக் கடித்து மோந்தால் காறல் அடிக்கிறதா, டப்பாவையே திருப்பிக் கொடுங்கள். சைவர்களுக்குப் பாசியில் இருந்து எடுத்த டிஹெச்ஏ மாத்திரை வருகிறது. விலை கூடுதல், ஆனால் வேலை செய்யும்.

காட் லிவர் ஆயில் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ இருக்கிறது. கர்ப்பத்தில் நாளுக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டினால் குழந்தைக்கு உறுப்புக் குறை வரும் அபாயம் உண்டு. கர்ப்பம் என்று தெரிவதற்கு முந்தைய வாரங்களும் இதில் அடக்கம். திட்டமிடுகிற காலத்தில் தொடவே வேண்டாம்.

ஆளி விதை நல்ல பொருள். லட்டின் விலைதான் நல்லதில்லை. ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஒன்றரை கிராம் ஒமேகா-3 உண்டு, ஆனால் அது தாவர வகை. உடம்பு அதில் சிறு பங்கையே டிஹெச்ஏவாக மாற்றும். முழு விதையை விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். லேசாக வறுத்து, ஒரு வாரத்துக்கு மட்டும் பொடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து மோரில் கலக்கிக் குடிக்கலாம். மாதவிடாயின் முதல் பாதியில் ஆளியும் பூசணி விதையும், பிற்பாதியில் எள்ளும் சூரியகாந்தி விதையும் என்று கால அட்டவணை போட்டு விற்கும் ‘சீட் சைக்கிளிங்’ பெட்டிக்குக் கொடுக்கும் காசு அட்டவணைக்குத்தான் போகிறது. அந்த முறைமாற்றுக்குப் பலமான ஆதாரம் இல்லை. ஈவ்னிங் ப்ரிம்ரோஸ் மாத்திரையும் சோதனைகளில் பெரிதாக எதையும் காட்டவில்லை.

விளக்கெண்ணெயைத் துணியில் நனைத்து அடிவயிற்றில் கட்டும் பட்டை இப்போது புது வியாபாரம். கட்டினால் வயிறு இதமாக இருக்கும். கருக்குழாய் அடைப்பு கரையாது. குடிக்க மட்டும் செய்யாதீர்கள், கரு தங்கியிருக்க வாய்ப்புள்ள நாள்களில் குடல் இழுப்போடு கருப்பையும் சேர்ந்து சுருங்கும்.

எண்ணெய் மாற்றிப் பார்க்கும் காலத்துக்கும் கெடு உண்டு. 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம். 35 தாண்டியிருந்தால் ஆறு மாதம். மாதவிடாயே 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம். அதுவரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் போய்க்கொண்டிருக்கட்டும். முதல் நாளே கணவனின் விந்துப் பரிசோதனையும் நடக்கட்டும். மலிவான பரிசோதனைகளில் ஒன்று அது, பல வீடுகளில் கடைசியாக நடப்பதும் அதுதான்.